வயசுக் கோளாறு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

போன வாரம் ஒரு படம் என் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மேசை மேல் பத்துப் பதினைந்து போன்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் பிள்ளைகளிடம் பறித்தவை. எந்தப் பாடசாலை, யார் போட்டது என்று நான் எழுத மாட்டேன். படத்துக்கு மேலே இப்படி இருந்தது: ராத்திரி முழுக்க போன், பகல் முழுக்க நித்திரை, ஏன் என்று கேட்டால் ரோசம், எல்லாம் வயசுக் கோளாறு. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். சிலர் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள்.

கோபித்தாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. நான் கம்பளைக்காரி. பதினெட்டு வருடமாக ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் லயத்துப் பிள்ளைகள். இந்த "வயசுக் கோளாறு" என்ற வார்த்தையை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை சொன்னது மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. தரம் பத்தில் ஒரு பிள்ளை. பெயரையும் தோட்டத்தையும் விடுங்கள். தமிழிலும் விஞ்ஞானத்திலும் நல்ல கெட்டிக்காரி. அவள் தரம் எட்டில் இருக்கும்போது தாய் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். தகப்பன் கவ்வாத்து வேலை. வீட்டில் அம்மாயிதான் பார்த்துக்கொண்டார். தீபாவளி முடிந்து பாடசாலை தொடங்கியதிலிருந்து அவள் முதல் பாடத்திலேயே தூங்கி விழ ஆரம்பித்தாள். கேட்டால் பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பு. ஸ்டாஃப் ரூமில் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: பின்னால் ஒரு பையன் இருக்கிறான்.

ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். புத்தகப் பையிலிருந்து எடுத்த போனை உயர்த்திக் காட்டி, "ராத்திரி ஒரு மணிக்கு யார் கூடப் பேசுற? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்று கேட்டார் ஒரு ஆசிரியர். முழுப் பாடசாலையும் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் தலையைக் குனியவுமில்லை, அழவுமில்லை. வாயைத் திறக்கவே இல்லை. நான் தரம் ஏழு வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற டீச்சரிடம், "வயசுக் கோளாறு, ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாளில் சரியாகவில்லை. மூன்று வாரம் அவள் பாடசாலைப் பக்கமே வரவில்லை. ஒரு சனிக்கிழமை லயத்துக்குப் போனேன். அம்மாயி இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "அது அவ அம்மா கூடத்தான் பேசும் டீச்சர். அங்க அந்தப் புள்ளைக்கு வேலை முடியறதே ராத்திரி பதினொரு மணிக்காம்."

ரியாத்தில் இரவு பதினொன்று என்றால் நமக்கு ஒன்றரை. கணக்கு அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளை தன் தாயின் குரலைக் கேட்பதற்காக ஒன்றரை மணி வரை போர்வைக்குள் விழித்திருக்கிறாள். நாங்கள் அதற்கு ஒரு பையனைக் கண்டுபிடித்துவிட்டோம்.

"கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே மகள்" என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "எங்கம்மா வெளிநாட்டுக்குப் போயிருக்குன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணுமா டீச்சர்? அப்புறம் எங்கம்மாவப் பத்தி என்னென்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும்." தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, தாயின் பெயர் நானூறு பேர் வாயில் விழக் கூடாது என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுத்திருக்கிறாள். இதைத்தான் நாங்கள் திமிர் என்றோம்.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

பதின்வயது என்றாலே புயல், கொந்தளிப்பு என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அதைப் புத்தகமாக எழுதிப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால். 1904இல், இரண்டு பாகமாக. அவருக்கு அது இயற்கை விதி. எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அந்த வயதில் கொந்தளித்தே தீர வேண்டும். 1928இல் மார்கரெட் மீட் சமோவாத் தீவுப் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதி, அங்கே அப்படி ஒரு கொந்தளிப்பு இல்லை, ஆகவே இது வளர்ப்பையும் ஊரையும் பொறுத்தது என்றார். 1983இல் டெரக் ஃப்ரீமன் வந்து மீட் பார்த்ததே பிழை என்று ஒரு புத்தகம் போட்டார். அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. ஹால் எழுதி நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நமது ஸ்டாஃப் ரூம்களில் இன்னும் ஹால்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் தெரியாமலே.

அதன் பிறகு வந்தவர்கள் பிள்ளைகளிடமே கேட்டார்கள். சிக்காகோ பக்கத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், ரீட் லார்சன் என்ற இருவர் 75 மாணவர்களிடம் பேஜர் கருவியைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு, நாளில் பல தடவை அது எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும். ஒலித்த உடனே இப்போது எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று எழுத வேண்டும். 1984இல் அது புத்தகமாக வந்தது. பிறகு லார்சன் இன்னும் பெரிய குழுவை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். பதின்வயதின் தொடக்கத்தில் அன்றாட மனநிலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, பிறகு அந்த இறக்கம் நின்றுவிடுகிறது என்று கண்டார். அதைவிட முக்கியமான இன்னொன்றும் கண்டார். எந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் கெட்ட சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தனவோ, அந்தப் பிள்ளைதான் அதிகம் வாடியது. சிக்காகோவிலேயே கதை இதுதான். வயது மட்டும் தனியாக எதையும் செய்துவிடவில்லை.

இதே முறையை லார்சனும் சுமன் வர்மா என்ற இந்திய ஆய்வாளரும் சண்டிகாரில் நடுத்தரக் குடும்பத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகள் குடும்பத்தோடு கூடுதல் நேரம் இருந்தார்கள். அந்த நேரம் அவர்களுக்குப் பெரும்பாலும் சந்தோஷமான நேரமாகவும் இருந்தது. முகம் இருண்டது எப்போது தெரியுமா? பாட வேலை செய்யும்போது. வயதைக் குற்றம் சொல்லும் ஆசிரியப் பெருமக்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசித்துவிட்டு மேலே போகவும்.

ஆனால் சிக்காகோ பிள்ளையும் இல்லை, சண்டிகார் பிள்ளையும் இல்லை, என் முன்னால் இருப்பது. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ லயத்தில் வளரும் பிள்ளையிடம் யாரும் பேஜர் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பிள்ளை லயத்துக்குப் போய் வந்ததிலிருந்து நானே ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். ஆய்வு என்று பெரிய பெயர் வைக்க மாட்டேன். காலையில் பதிவேடு கூப்பிடும்போது யார் முகம் எப்படி, யார் வரவில்லை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று இரண்டு வரி. ஒரு வருடம் எழுதினேன். பிறகு ஒரு போயா லீவில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது.

என் வகுப்பின் முகம் பிள்ளைகளின் வயதோடு மாறவே இல்லை. திகதியோடு மாறியது.

பத்தாம் திகதி சம்பளம். பதினொன்று, பன்னிரண்டில் வகுப்பு செத்துக் கிடக்கும். சம்பள இரவு லயத்தில் எப்படிப் போகும் என்று மலையகத்தில் இருப்பவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை என்றால் ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அன்று தூக்கம் போச்சு. ஜனவரி தொடங்கி மார்ச் வரை பனியும் வெயிலும். கொழுந்து இல்லை. அரைப் பேர்தான் விழும். அம்மாக்களின் கை சுருங்கும்போது பிள்ளைகளின் வாயும் சுருங்குகிறது. அந்த மாதங்களில் நான் "ஏன் கொப்பி வாங்கவில்லை" என்று கேட்ட கேள்விகளை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது, ஒரு பையன் வகுப்புக்குள் வந்து ஆடினான், கிரிக்கெட்டில் வென்றது மாதிரி. அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. நமது ஸ்டாஃப் ரூம் பேச்சின்படி அவன் தன்னைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டிய வயது!

எல்லாவற்றையும்விடத் தீபாவளிக்குப் பிந்திய வாரம் இருக்கிறதே, அதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார் எல்லாம் தீபாவளிக்கு பஸ் ஏறி வருவார்கள். புது உடுப்பு, புது போன், கொஞ்சம் காசு. நாலைந்து நாள் தோட்டம் களைகட்டும். பிறகு அதே பஸ்ஸில் அவர்கள் திரும்பிப் போவார்கள். போகும்போது லயத்தின் சத்தத்தையும் கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வாரம் வகுப்பில் யாருக்கும் எதிலும் மனசு இல்லை. தரம் பத்தில், பதினொன்றில் இரண்டு மூன்று கதிரைகள் காலியாக இருக்கும். அந்தப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் போயிருப்பார்கள். பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் ஒழுங்குவிதி வந்தது. பஸ் கண்டக்டருக்கு அது தெரியாது. மிச்சம் இருக்கும் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அது யோசிப்பது ஒன்றே ஒன்றுதான்: இருப்பதா, போவதா. அந்தப் பார்வையைப் பார்த்து "கனவு காண்கிறாயா" என்று சோக்கட்டியால் எறிகிறோம்.

இதை எல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "அதுக்குத்தானே டீச்சர் மனநல செயலமர்வு வைக்கிறோம்" என்றார்கள். வைத்தார்கள், நானும் இருந்தேன். கொழும்பிலிருந்து நல்ல பிள்ளைகள் வந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு தாளில் ஆறு வட்ட முகங்கள்: சந்தோஷம், கவலை, கோபம், பயம் என்று. ஒரு மாதம் தினமும் உன் முகத்துக்குப் புள்ளடி போட வேண்டும். ஒரு பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது, "டீச்சர், இதுல ஒரு மாதிரியா இருக்கிறதுக்கு எந்த முகம்?"

அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. "ஒரு மாதிரியா இருக்கு", "என்னவோ போல இருக்கு", "ஏங்கிப் போச்சு", "மனசே இல்ல". இப்படித்தான் லயத்துப் பிள்ளை பேசும். இல்லாவிட்டால் தலைவலி, வயிற்று வலி என்று உடம்பைச் சொல்லும். எங்கள் முஸ்லிம் வீடுகளில் பிள்ளை "ஏலா உம்மா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். அதற்குள் சோர்வும் இருக்கும், கோபமும் இருக்கும், அழுகையும் இருக்கும். சிங்களத்தில் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிச் சொல்லும்போது "லஜ்ஜா-பய" என்று வெட்கத்தையும் பயத்தையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் தாளில் தனித்தனி வட்டம் போட்டால் எதில் புள்ளடி போடுவது? ஏக்கத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஏக்கம்தான் காலைச் சாப்பாடு.

இது புதிய பிழையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு ஆலோசகர்கள் விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள், பிள்ளைகளின் தலைக்குள் அதிர்ச்சி எவ்வளவு என்று அளப்பதற்கு. நமது நாட்டு உளவியலாளர் காயத்திரி ஃபெர்னாண்டோ இங்குள்ள மக்களிடம் அவர்கள் வார்த்தையிலேயே கேட்டுப் பார்த்தார். மக்கள் பாதிப்பைத் தங்கள் தலைக்குள்ளே மட்டும் தேடவில்லை. உறவுகள் அறுந்துபோனதை, குடும்பத்தில் ஊரில் தன் இடம் போனதைத்தான் பெரும் பாதிப்பாகச் சொன்னார்கள். கடற்கரை மக்களுக்குப் பொருந்தியது மலைக்கும் பொருந்தும் என்பதைக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள், வீடு இல்லை. முதல் சில வாரம் ஆறுதல் சொல்ல எத்தனை வாகனங்கள்! மாற்று வீடு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தையும் தற்காலிக இருப்பிடத்தில் கழித்தார்கள். பன்னிரண்டு வயதில் உள்ளே போனவர் பதினான்கில் வெளியே வந்தார். அந்தப் பிள்ளை பதினான்கில் முகம் சுளித்திருந்தால் அதற்கும் வயதுதான் காரணமா?

நான் ஆலோசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலோசனைக்கு வருபவர் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சொல்லப்போனால் தோட்டத்து மக்களுக்கு இந்த விஷயம் எங்களைவிட நன்றாகத் தெரியும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் இரவுகளில் வீதியோரம் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது மார்க்கம் இல்லை, ஆனால் என் பிள்ளைகள் ஆடுகிறார்கள், எப்படிப் பார்க்காமல் போவது? என் வகுப்பில் வருடம் முழுக்க வாய் திறக்காத பையன் ஒருவன் ரதி வேஷம் கட்டியிருந்தான். மதனைச் சிவன் எரித்த பிறகு ரதி ஒப்பாரி வைக்க வேண்டும். அவன் அழுதான் பாருங்கள். லயத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுதார்கள். அது நடிப்பு மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. அவனுடைய தம்பி அதற்கு முந்திய வருடம்தான் இறந்திருந்தான். பிறகு மதன் உயிர்த்தெழுவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அழுவதற்கு ஒரு இரவு, அழுகை முடிவதற்கு ஒரு நாள், கூட அழ ஒரு ஊர். எங்களிடமும் இருக்கிறது. வீட்டில் மௌத்து என்றால் மூன்று நாள் துக்கம், கணவன் இறந்தால் மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. துயரத்துக்குக் காலம் குறித்து வைத்திருக்கிறது மார்க்கம். அந்தக் காலத்தில் அவளிடம் "ஏன் சிரிக்கவில்லை" என்று யாரும் கேட்பதில்லை.

தாயை விமானத்தில் ஏற்றிவிட்ட பிள்ளைக்கு எத்தனை நாள் இத்தா? ஒரு நாளும் இல்லை. மறுநாள் காலை ஏழரைக்கு வெள்ளைச் சீருடையில் கூட்டத்தில் நிற்க வேண்டும். 2013இல் அரசாங்கம் ஒரு விதி போட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். பெண்களைப் போகவிடாமல் தடுப்பது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை, பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கைக் கவனியுங்கள். சட்டத்துக்கும் தாய் தேவைப்படுவது கைக்குழந்தைக்கு மட்டும்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஏங்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சமூகத்தாரும் இதை வாசித்துவிட்டு "தோட்டத்துப் பிரச்சினை" என்று விட்டுவிட வேண்டாம். டவுனில் கடை வைத்திருக்கும் எங்கள் வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானதும் வீட்டின் குரல் மாறுகிறது. சிரித்தால் ஏன் சிரிக்கிறாய், சிரிக்காவிட்டால் ஏன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருக்கிறாய். என் மகளுக்குப் பதினான்கு வயது. நோன்பு மாதத்தில் எல்லோரோடும் சேர்ந்து எழும்பி, எல்லோரோடும் சேர்ந்து பசித்து, தராவீஹுக்கு உம்மாவோடு நின்று, அந்த முப்பது நாளும் அவள் முகம் தெளிந்திருக்கும். பெருநாள் முடிந்து எல்லோரும் அவரவர் போனுக்குத் திரும்பியதும் மறுபடி இருளும். வயது அதேதான், முப்பது நாளில் கூடவுமில்லை குறையவுமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டலாம். 1951இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மாற்றுங்கள் என்று எங்கள் பெண்களே வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு வயது பார்க்காத நாங்கள், பிள்ளையின் கவலைக்கு மட்டும் வயதைக் காரணம் காட்டுகிறோம்.

இப்போது ரோசத்துக்கு வருகிறேன், அந்தப் படத்தில் சிரித்தார்களே அதற்கு.

இந்த நாட்டில் தற்கொலை வீதம் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்று உச்சத்தில் இருந்தது. 2005இல் அது ஏறத்தாழப் பாதியாக, 24ஆகக் குறைந்தது. அந்தப் பத்து வருடத்தில் யுத்தம் நின்றுவிடவில்லை, வறுமை தீரவில்லை, பிள்ளைகளுக்கு ரோசமும் குறையவில்லை. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசாங்கம் தடை செய்ததுதான் பெரும் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதன் அர்த்தத்தை ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். தாங்க முடியாத அந்த நேரம் பெரும்பாலும் குறுகியது. அதைத் தாண்டவிட்டால் மனிதர் பிழைத்துக்கொள்கிறார். தங்களைத் தாங்களே வருத்திக்கொண்ட பெண்பிள்ளைகளோடு ஜீன் மாரெசெக்கும் சந்தனி சேனாதீரவும் இலங்கையின் தெற்கில் பேசி எழுதியதை வாசித்தேன். அந்தப் பிள்ளைகள் நீண்டகாலச் சோகத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. யார் திட்டினார், யார் சந்தேகப்பட்டார், யார் முன்னால் தலைகுனிய வைத்தார் என்பதைத்தான் சொன்னார்கள்.

அப்படியானால் காலைக் கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டு நிறுத்தும் நாங்கள் என்ன செய்கிறோம்? அந்தக் குறுகிய நேரத்தை நாங்களே உண்டாக்கிக் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், என் பிள்ளை மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். திரும்பி வராத பிள்ளைகளும் இந்த மலையில் இருக்கிறார்கள், அவர்களின் ஆசிரியர்களும் நம்மோடுதான் இருக்கிறார்கள். (இதை வாசிக்கும் யாருக்காவது, பிள்ளைக்கோ பெரியவருக்கோ, மனசு அப்படி இருந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்தால் 1929.)

"அப்போ பிள்ளைகள் காதலிக்கவே இல்லையா, போனில் கண்டதையும் பார்க்கவே இல்லையா, டீச்சர் ரொம்ப நல்லவங்களோ" என்று கேட்பீர்கள். காதலிக்கிறார்கள். கண்டதையும் பார்க்கிறார்கள். நானும் போனைப் பறித்திருக்கிறேன், இனியும் பறிப்பேன். பதின்மூன்று பதினான்கில் உடம்பு மாறுகிறது, மனசும் அதோடு ஆடுகிறது, அதை மறுக்க நான் யார்? ஆனால் பறித்த போனில் யார் பெயர் இருக்கிறது என்று தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க ஐந்து நிமிடம் போதும். படம் எடுத்துப் போட்டு, வரும் கொமென்ட்ஸுக்குச் சிரிப்பு முகம் போட அதைவிட நேரம் செலவாகிறது. வயது எல்லாப் பிள்ளைக்கும் வருகிறது. கொழும்பில் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைக்கும் பதினைந்து வயது வரும். அந்தப் பிள்ளை முகம் வாடினால் அங்கே தாயைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நம் பிள்ளை வாடினால் வயசுக் கோளாறு. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். இருநூறு வருடமாக இந்த மக்களின் கஷ்டத்துக்கு யாரோ ஒருவர் அவர்களையே காரணம் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். துரை சோம்பேறி என்றார். நாங்கள் வயசு என்கிறோம்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்த பிறகு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஓ.எல். எழுதினாள், தமிழுக்கு ஏ வந்தது. என்னைக் கண்டால் தலையை ஆட்டுவாள், பேச மாட்டாள். நான் ஒரு நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்ற முகம் இல்லை அது.

இந்தத் தவணைப் பரீட்சை நேரசூசி நேற்று சுவரில் ஒட்டினார்கள். கணிதம் பதினொன்றாம் திகதி காலை. பத்தாம் திகதி சம்பளம். நாளைக்கு என் கொப்பியையும் தூக்கிக்கொண்டு அதிபர் சேரிடம் போகிறேன், இன்ஷா அல்லாஹ். கணிதத்தைப் பதினாலுக்குத் தள்ளித் தரச் சொல்லிக் கேட்பேன். ஏன் என்று கேட்டால் கொப்பியை விரித்துக் காட்டுவேன். உங்கள் பாடசாலை நேரசூசியையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கள்.